மூங்கில் கூடைக்கு வார்னிஷ் வேண்டாம்

மலேசியாவின் சாபாவிலிருந்தோ சரவாக்கிலிருந்தோ ஆசையாக வாங்கி வந்த கூடையின் அடியில் ஒரு நாள் கோதுமை மாவு போல வெளிர்மஞ்சள் தூள் கொட்டிக் கிடக்கும். துடைத்தால் மறுநாளும் கிடக்கும். பலரும் தூசி என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். மூங்கிலுக்குள் இருந்துகொண்டு வண்டுப்புழு அரைத்துத் தள்ளும் தூள் அது. வண்டு வெளியேறிய துளை குண்டூசித் தலை அளவுதான் இருக்கும்.

பழம்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளிலிருந்து என் பட்டறைக்கு வரும் பிரம்பு, மூங்கில், ஓலைப் பொருள்களில் பெரும்பாலானவை அக்கறை மிகுந்துபோய்க் கெட்டவை. எண்ணெய் தடவியிருப்பார்கள், வார்னிஷ் அடித்திருப்பார்கள், அல்லது கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள்.

இவற்றைச் செய்தவர்கள் இப்படி எதுவும் செய்யவில்லை. சாபாவின் கடசான்டூசூன் மக்கள் முதுகில் சுமக்கும் வாக்கிட் கூடை, சரவாக்கின் பெனான் மக்கள் பிரம்பில் பின்னும் அஜாட் கூடை, தீபகற்ப மலேசியாவின் தெமியார் மக்கள் தண்ணீர் முகந்து வைத்த மூங்கில் குழாய், நீலகிரியில் தோடர்கள் பால் கறந்த மூங்கில் பாத்திரம் எல்லாமே நாள்தோறும் கைபட்டவை. நெல்லோ கிழங்கோ உள்ளே போகும், வரும். கூடை வெயிலையும் காற்றையும் பார்க்கும். இரவில் விறகடுப்பு எரியும் கூரைக்குக் கீழே தொங்கும். அந்தப் புகைதான் பெரிய பாதுகாப்பு. அது நாரை உலர்த்தும். அதில் படியும் கரியும் பிசினும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாது. அடுப்புக்கு மேல் பரண் கட்டிய நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறொரு வேலையும் முன்பே நடந்திருக்கும். வெட்டிய மூங்கிலை ஓடும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மாவுச்சத்து கரைந்து போகும். வண்டு நாடி வருவது அந்த மாவுச்சத்தைத்தான். விற்பனைக்கென்று அவசரமாக முடைந்த கூடைகளில் இந்த வேலை சில நேரம் விடுபட்டுப்போகிறது. அழகான புதுக்கூடை ஆறே மாதத்தில் உளுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் வீட்டில் புகை கிடையாது. காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இந்த நிலையில் வார்னிஷ் அடித்தால் ஈரமும் புழுவும் உள்ளேயே அடைபட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். ஊரில் முறத்துக்கு வெந்தயமும் காகிதக் கூழும் அரைத்துப் பூசுவது நல்ல வழக்கம்தான், ஆனால் அங்கே முறம் தினமும் புடைக்கப்பட்டு வெயிலில் காய்ந்தது. இங்கே அலமாரிக்குள் அந்தப் பூச்சு ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

தூள் கொட்டும் கூடைக்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு. பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த நாரின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். இதை நான் சொன்னபோது ஓர் அம்மா, “மீனுக்குப் பக்கத்திலா, தம்பி?” என்று கேட்டார். பை சரியாக ஒட்டியிருந்தால் மீனுக்கும் பாதகமில்லை, கூடைக்கும் பாதகமில்லை. மணி, இறகு, அரக்கு, சாயப்பூச்சு உள்ளவற்றை மட்டும் யாரையும் கேட்காமல் உறைய வைக்காதீர்கள்.

பூஞ்சைக்கு ஃபிரீசர் பயன்படாது, அது உறங்குமே தவிரச் சாகாது. முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். பிறகு சுவரை ஒட்டாமல், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், நேர்வெயில் விழாமல் வையுங்கள். வெங்காயம், பூண்டு, துவைத்த துணி என்று உலர்ந்த எதையாவது போட்டுப் புழங்குங்கள். வாரம் ஒருமுறை கைபட்டால் தூளோ துளையோ உடனே கண்ணில் படும்.

பழம்பொருள் கடையில் வாங்கிய பழங்கூடை விஷயம் வேறு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரும்பொருள் சேகரிப்புகளில் பூச்சியைக் கொல்ல ஆர்செனிக் நஞ்சும், பிறகு டிடிடி பூச்சிமருந்தும் தூவும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. கூடை எந்தக் கைகளைத் தாண்டி வந்தது என்று தெரியாதபோது அதில் பழமோ பலகாரமோ வைக்காதீர்கள். குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். தொட்ட பின் கை கழுவுங்கள். இருவாச்சி இறகோ விலங்குப் பல்லோ கோத்த கூடையைப் பயணத்தில் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இங்குள்ள தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.