திரள் ரோபோ: கங்காணி இல்லாத வேலை

மலேசியாவின் குளுவாங்கில் அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்கு 'ஸ்வார்ம் ரோபோட்டிக்ஸ்' பற்றி அட்டை எழுத உட்கார்ந்தவள், "இதுக்குத் தமிழ்ல என்ன மாமா?" என்று கேட்டாள். யோசிக்காமல் 'ரோபோ கூட்டம்' என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: கங்காணி இல்லாமல் நடக்கும் வேலை. காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை கொடுக்கும் நேரத்தில், யாருக்கு எந்த நிரை என்று கங்காணி பிரித்துவிடுவார், அவர் வாய் திறக்கும்வரை ஒருவரும் நகர மாட்டார்கள். வானத்தில் நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் கொடி வரைந்து காட்டுகின்றனவே, பெரும்பாலும் அதுவும் பெரட்டுதான். எது எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஸ்வார்மில் அப்படி இல்லை. ஒவ்வொரு ரோபோவும் பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து, எறும்பு மாதிரி சில சின்ன விதிகளின்படி நடக்கும். 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கிலோபோட் என்னும் 1,024 குட்டி ரோபோக்களுக்கு (ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான்) ஓர் உருவத்தைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அவை அக்கம்பக்கத்தோடு அகச்சிவப்பு ஒளியில் பேசிக்கொண்டு, அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் நட்சத்திரமாக நின்றன. நடுவில் ஒன்றிரண்டு மக்கர் செய்தாலும் மற்றவை சமாளித்துக்கொண்டன.

தொழிலில் இதை விரும்புவதற்கு அந்தச் சமாளிப்புதான் காரணம். இடிபாட்டில் ஆள் தேட, வயலில் களைக்கு மட்டும் மருந்தடிக்க, விமான எஞ்சினுக்குள் ஊர்ந்து விரிசல் பார்க்க என்று பல இடங்களில் முயல்கிறார்கள். ஒன்று கெட்டால் வேலை நிற்காது. ஆனால் அமேசான் 2012இல் கிவா நிறுவனத்தை வாங்கிக் கிடங்குகளில் ஓடவிட்ட ரோபோ வண்டிகளையும் சிலர் ஸ்வார்ம் என்கிறார்கள். அங்கே மேலே ஒரு மென்பொருள் கங்காணி உட்கார்ந்திருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஸ்வார்ம்' பழைய ஆங்கிலத்தில் தேனீக் கூட்டத்தைக் குறித்த சொல். 1989இல் ஜெரார்டோ பெனி, ஜிங் வாங் இருவரும் ரோபோக்களைப் பற்றிப் பேசும்போது 'ஸ்வார்ம் நுண்ணறிவு' என்று எழுதியதிலிருந்து இந்தத் துறைக்குள் வந்தது. 'ரோபோ' 1920இல் செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் நாடகத்தில் பிறந்தது. அதன் வேர் 'ரோபோட்டா', நிலக்காரனுக்குக் கட்டாயமாகச் செய்யும் வேலை. நம் தாத்தாக்களுக்கு அகராதி பார்க்காமலே புரிந்திருக்கும்.

தமிழில் முதலில் எனக்குத் தோன்றியது 'மொய்ப்பு'. செம்பனைப் பூவில் வண்டு மொய்ப்பதைத் தினமும் பார்க்கிறோம். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு அது, அதற்கு முன் ஆட்கள் பூப்பூவாகப் போய் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மொய்க்க ஒரு பண்டம் வேண்டும். பலகாரத்தில் ஈ மொய்க்கும், ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்காக. ஒன்றுக்கொன்று உதவி கிடையாது. தவிர, மொய் என்றால் நம் ஆட்களுக்குக் கல்யாண வீட்டு நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

'கூட்டம்' பேருந்து நிலையத்திலும் இருக்கும். அதற்கு ஒரு வேலையும் இல்லை.

'திரள்' தான் பொருந்துகிறது. மேகம் திரள்கிறது, வெண்ணெய் திரள்கிறது, யாரும் போய் ஒட்டவைப்பதில்லை, பக்கத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து மொத்தமாக ஓர் உருவம் வருகிறது. இலக்கணமே இங்கே வேலை செய்கிறது பாருங்கள்: 'திரள்' தன்வினை, 'திரட்டு' பிறவினை. திரட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறார்கள், நமக்குச் சொல்லின் முடிவிலேயே கங்காணி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது.

ஆக எழுத்தில் 'திரள் எந்திரனியல்', பேச்சில் 'திரள் ரோபோ' போதும். 'இயந்திர மனிதன்' வேண்டாம், கிலோபோட்டுக்கு மூன்று கம்பிக் கால்தான். 'ரோபோ படை' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம், படை என்றால் அதைத் திரட்ட ஒரு தளபதி வந்துவிடுவான். மறுநாள் காலை அவளுக்குப் போன் போட்டேன். அட்டையில் 'கூட்டம்' என்று ஏற்கெனவே மார்க்கரில் எழுதிவிட்டாளாம், மேலே தாள் ஒட்டித் திருத்துகிறேன் என்றாள்.