மருத்துவக் கருவிக்குக் காப்புரிமை: விண்ணப்பம் எந்த இடத்தில் சாகிறது?

காரைக்குடியில் காப்புரிமை முகவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, இன்னொரு பக்கம் அழகப்பா பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும், சுற்றிலும் தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று ஊருக்கு ஊர் சின்ன மருத்துவமனைகள். அதனால் மருத்துவம் சார்ந்த யோசனைகளோடு எல்லா வகை ஆட்களும் வருகிறார்கள். பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், நர்ஸ், கல்லூரிப் பேராசிரியர், சித்த வைத்தியர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், இதுக்குப் பேட்டன்ட் கிடைக்குமா?"

கிடைப்பதும் கிடைக்காததும் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் அதற்கு முன்பே, விண்ணப்பதாரரின் மேசையிலேயே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. முதல் நாள் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வரிகளை, எப்படி எழுதினார், அதற்குப் பிறகு தேதிகளை எப்படிக் கவனித்தார் என்ற இரண்டைப் பார்த்தாலே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் நிலவரம் ஒரு வரியில் வரும். வழங்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்ற இரண்டும் எல்லோருக்கும் புரியும். 'திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது', 'கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது' என்ற இன்னும் இரண்டைப் பார்த்துவிட்டுத்தான் பலர் என்னிடம் ஓடி வருகிறார்கள். இந்த இரண்டிலும் உங்கள் கண்டுபிடிப்பு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எதுவும் செய்யாமல் விட்டதால் அது செத்திருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்துக்கு விவரணம் என்று பெயர். தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பித்தால் 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதோடு சரி. அடுத்தது, பரிசோதனைக்கான வேண்டுகோள், படிவம் 18. விண்ணப்பத்தைப் போட்டால் அதிகாரி தானாக எடுத்துப் பார்ப்பார் என்பது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்டினால்தான் பார்ப்பார். 15.03.2024 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதம். அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, இன்னும் நாள் இருக்கிறது என்று இருப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மூன்றாவது, அதிகாரி தன் ஆட்சேபணைகளை எழுதி அனுப்பும் முதல் பரிசோதனை அறிக்கை. இது வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும்; படிவம் 4 போட்டுக் கட்டணம் கட்டினால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும்.

அறிக்கை மின்னஞ்சலில் வருகிறது. விண்ணப்பத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பார்த்தால், படிப்பை முடித்துவிட்டுப் போன மாணவருடையது, அல்லது வேலையை விட்டுப் போன உதவிப் பேராசிரியருடையது. அறிக்கை யாருடைய இன்பாக்ஸிலோ திறக்கப்படாமல் கிடக்கும், ஆறு மாதம் ஓடிவிடும். அப்படிச் செத்ததை எழுப்புவது பெரும்பாடு. உயர்நீதிமன்றம் வரை போய் மீட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தச் செலவில் இன்னும் சில விண்ணப்பங்களே போட்டுவிடலாம்.

இதோடு சேர்ந்த ஒரு வழக்கத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டும். "எங்கள் கல்லூரிக்குப் பேட்டன்ட்" என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைத்து, மாணவர்களுக்குச் சால்வை போடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் விண்ணப்பம் அரசின் காப்புரிமை இதழில் வெளியாகியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த விண்ணப்பமானாலும் 18 மாதம் ஆனதும் வெளியாகும். படிவம் 9 போட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியாகிவிடும். அதில் தகுதிச் சோதனை எதுவும் கிடையாது. பிள்ளைகளின் உழைப்பைக் கொண்டாடுவது நல்ல விஷயம்தான். ஆனால் வெளியான பிறகு படிவம் 18 போடாமல் விட்டுவிட்டால் கண்டுபிடிப்பு முழுவதும் ஊருக்குத் தெரிந்துவிடும், உரிமை மட்டும் யாருக்கும் இருக்காது. அதே மாணவர் பிற்பாடு அதை மேம்படுத்திக்கொண்டு வந்தால், அவருடைய பழைய விண்ணப்பமே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும். காப்புரிமை இல்லாத பொருளைக் காப்புரிமை பெற்றது என்று சொல்லி விற்றால் 120ஆவது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் விசிட்டிங் கார்டு அச்சடிக்கும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி கிளெய்முக்கு வருவோம். மருத்துவக் கண்டுபிடிப்புகளுக்கென்றே நம் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 3(i). மனிதருக்கு மருந்து கொடுக்கும் முறை, அறுவை முறை, நோய் கண்டறியும் முறை, நோய் தடுக்கும் முறை, சிகிச்சை முறை எதற்கும் காப்புரிமை கிடையாது. ஒரு டாக்டர் நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும்போது, இன்னொருவருக்கு ராயல்டி கட்ட வேண்டுமோ என்று யோசிக்கக் கூடாது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நியாயம். எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் முறைக்குத்தான் தடை, கருவிக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல கருவிகளைக்கூட முறையாக எழுதிக் கெடுத்துவிடுகிறார்கள்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட், பொறியியல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, சர்க்கரை நோயாளிகளின் பாத வெப்பத்தை அளக்கும் தட்டு ஒன்றைச் செய்திருந்தார். அவர் எழுதிக்கொண்டு வந்த கிளெய்ம் இது: "சர்க்கரை நோயாளியின் இரு பாதங்களின் வெப்பநிலையை மொபைல் செயலி மூலம் ஒப்பிட்டு, புண் வரும் வாய்ப்பை முன்கூட்டியே கண்டறியும் முறை."

ஒரே வரியில் மூன்று வில்லங்கம். 'கண்டறியும் முறை' என்றதும் 3(i). 'செயலி மூலம் ஒப்பிட்டு' என்றதும் 3(k), அதாவது கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் உள்ள தடை. மூன்றாவதுதான் பெரியது: இரு பாதங்களின் ஒரே இடத்தில் வெப்பம் சுமார் 2.2 டிகிரி செல்சியஸ் வேறுபட்டால் அது புண்ணுக்கு முன்னறிகுறி என்பது மருத்துவ இதழ்களில் எப்போதோ வந்த விஷயம். அது இவர் கண்டுபிடித்தது அல்ல.

அப்படியானால் இவர் கண்டுபிடித்தது எது? தட்டைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வெப்ப உணரியும் தனித்தனிச் சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "சார், நம்ம ஆச்சிமார்லாம் காலம் பூரா செருப்பில்லாம நடந்தவங்க. குதிங்கால் தடிச்சுப்போய் வெடிச்சிருக்கும். தட்டையான பலகையில நிக்கச் சொன்னா பாதத்தோட நடுக்குழி சென்சார்ல படவே படாது. அதான் ஸ்பிரிங் வெச்சு மேல தூக்கிவிட்டேன்" என்றார். இரண்டு உணரிகளுக்கு நடுவே வெப்பம் கடத்தாத ஒரு ரப்பர் தடுப்பும் இருந்தது, பக்கத்துச் சூடு கலந்துவிடாமல் இருக்க. இவ்வளவும் செய்த மனிதர், எழுதிய தாளில் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதெல்லாம் சும்மா ஒட்டு வேலை சார் என்கிறார்!

கிளெய்மை மாற்றி எழுதினோம். பாதம் வைக்கும் தட்டு. இடமும் வலமும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்த உணரிகள். ஒவ்வொன்றின் கீழும் தனிச் சுருள்வில். உணரிகளுக்கிடையே வெப்பத் தடுப்பு. அளவைப் பதிவு செய்யும் சுற்று. எல்லாமே கையால் தொட்டுக் காட்டக்கூடியவை. முழு விவரணம் கொடுக்கும் முன் ஒரு வேலையும் செய்யச் சொன்னேன்: ஸ்பிரிங் உள்ள தட்டு, இல்லாத தட்டு இரண்டிலும் ஒரே பாதத்தை அளந்து, வித்தியாசத்தை அட்டவணையாகப் போடுங்கள் என்று.

பரிசோதனை அறிக்கையில் எதிர்பார்த்தபடியே பழைய ஆவணங்கள் வந்தன. ஒரு அமெரிக்கக் காப்புரிமையில் வெப்பத்தட்டு இருந்தது, ஒரு சீன ஆவணத்தில் வேறு எதற்கோ பயன்பட்ட ஸ்பிரிங் உணரி. இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது வந்துவிடுமே, இதில் புத்தாக்கப் படி, அதாவது துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புது யோசனை, எங்கே என்பது ஆட்சேபணை. மருத்துவக் கருவிகளுக்கு வரும் ஆட்சேபணைகளில் இதுதான் கடினமானது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த அட்டவணைதான். வீடியோவில் ஹியரிங் நடந்தது, பதினைந்து நாளுக்குள் எழுத்து வாதம் கொடுத்தோம், வழங்கப்பட்டது.

இந்த அட்டவணையைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 59ஆவது பிரிவு அதற்கு இடம் தராது. முதலில் சொல்லாத விஷயத்தைத் திருத்தம் என்ற பெயரில் விவரணத்துக்குள் நுழைக்க முடியாது, கிளெய்மின் எல்லையை விரிக்கவும் முடியாது. முறை என்று மட்டும் எழுதிவிட்டு, 3(i) ஆட்சேபணை வந்த பிறகு கருவி என்று மாற்றப் பார்த்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லேப் சோதனை சார்ந்த கண்டுபிடிப்பு என்றால் விஷயம் இன்னும் நுணுக்கம். கருவின் மரபணுவைத் தாயின் ரத்தத்திலிருந்து ஆராயும் சோதனை தொடர்பாக 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. உடலுக்கு வெளியே, குழாயில் செய்யும் சோதனை என்பதற்காக 3(i)இலிருந்து தப்பிவிட முடியாது. அதே சமயம், சிகிச்சைக்கு வழிவிடும் வகையில் நோயைக் கண்டறிந்து சொல்லும் முறைக்குத்தான் இந்தத் தடை என்று அது விளக்கியது. எனவே சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப்பு போன்றவற்றில் வேலை செய்கிறவர்கள் மின்முனையின் பூச்சு, என்சைமை நிலைநிறுத்தும் விதம், ஸ்ட்ரிப்பின் அமைப்பு இவற்றில் கிளெய்மை ஊன்றுவது நல்லது. நிராகரிக்கப்பட்டாலும் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய மூன்று மாதம் உண்டு. சென்னையிலேயே அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவு இயங்குவதால் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

சித்த வைத்தியர்களுக்கு நான் நேராகச் சொல்லிவிடுவேன்: ஏட்டில் உள்ள மருந்துக்குக் கிடைக்காது, பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை தராத 3(p) தடுக்கும். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையையே நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி 1997இல் ரத்து செய்ய வைத்தது. நம் கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்ததே என்று கேட்டால், அதற்கு 2019இல் கிடைத்தது காப்புரிமை அல்ல, புவிசார் குறியீடு. அது வேறு சட்டம், வேறு கணக்கு.

அடுத்தது வாய் காப்பது. விண்ணப்பத்துக்கு முன்பே இலவச முகாமில் கருவியைக் காட்டுவது, யூடியூபில் போடுவது, நகரத்தார் சங்கக் கூட்டத்தில் விளக்குவது எல்லாம் புதுமையைக் கெடுக்கும். கற்றறிந்தோர் சங்கத்தில் கட்டுரை வாசிப்பதற்கும், நியாயமான சோதனைக்காகப் பொதுவில் பயன்படுத்திப் பார்ப்பதற்கும் சட்டத்தில் 12 மாதச் சலுகை இருக்கிறதுதான். ஆனால் அது குறுகிய சந்து. அதை நம்பி இறங்காதீர்கள். தற்காலிக விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு முகாமுக்குப் போங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பரிசோதனைக்கு 4,000. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், 8,000 ரூபாய் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம். நம் பகுதி நர்ஸ்களில் பலருக்கு இது தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். வார்டில் நின்றுகொண்டு அவர்கள் யோசிக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்மையான தேவையிலிருந்து வருபவை.

காப்புரிமையே வேண்டாம், எல்லோரும் செய்துகொள்ளட்டும் என்று நினைப்பவர்களையும் நான் மதிக்கிறேன். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனாலேயே அது நாடு நாடாகப் பரவியது. ஆனால் அப்படி முடிவெடுத்தால் தெளிவாக, தேதியோடு, முழு விவரத்தோடு வெளியிட்டுவிடுங்கள். அப்போதுதான் வேறொருவர் அதைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள முடியாது. அரைகுறையாகச் சொல்லிவிட்டு விடுவதில் யாருக்கும் பயனில்லை.

வழங்கப்பட்ட பிறகும் இரண்டு விஷயம் பாக்கி. காப்புரிமை இருந்தால் விற்கலாம் என்று பொருள் இல்லை. மருத்துவச் சாதன விதிகள் 2017இன் கீழ் கருவியின் ஆபத்து வகைக்கு ஏற்ற உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது, புதுப்பிப்புக் கட்டணம். உரிமைக் காலமான 20 வருடம் விண்ணப்பத் தேதியிலிருந்தே ஓடுகிறது. மூன்றாம் வருடத்திலிருந்து கட்டணம் உண்டு. வழங்குவதற்கே நாலைந்து வருடம் ஆகியிருந்தால், அதுவரை சேர்ந்த பாக்கியைப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு ஒன்பது மாதம் வரை நீட்டிக்கலாம். தனிநபருக்கு ஆரம்ப வருடங்களில் வருடத்துக்கு 800 ரூபாய்தான். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு இந்த 800 ரூபாயைக் கட்டாததால் உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி உங்களுடையது காலாவதி ஆகியிருந்தால் 18 மாதத்துக்குள் படிவம் 15 போட்டு மீட்புக்கு விண்ணப்பிக்கலாம். தவறியதற்கான காரணத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.