சூரியக் காற்று ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

ஒரு அண்டாத் தண்ணீரை அகப்பையால் வேகமாகச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பெரிய சுழி உடைந்து சிறு சுழிகளாகும். அவையும் உடைந்து பொடிச் சுழிகளாகும். கடைசியில் தண்ணீரின் பாகுத்தன்மை, அதாவது அதன் உள் உராய்வு, அந்த அசைவை விழுங்கி வெப்பமாக்கிவிடும். ஆற்றல் இப்படிப் படிப்படியாகக் கைமாறும் கணக்கை 1941இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகரோவ் எழுதினார்.

சூரியனிலிருந்து நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாது வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமே சூரியக் காற்று. அதன் காந்தப்புல அலைவுகளும் பெருமளவு அதே கணக்கில் அடங்குகின்றன. ஆனால் அங்கே பாகுத்தன்மைக்கு இடமில்லை. அது வேலை செய்யத் துகள்கள் மோதிக்கொள்ள வேண்டும். பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பவை ஐந்தாறு புரோட்டான்கள்தாம். ஒரு புரோட்டான் இன்னொன்றோடு குறிப்பிடத்தக்க அளவில் மோதுவதற்குள் ஏறக்குறைய சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவையே கடந்துவிடும்.

இருந்தும் எதுவோ இந்தக் காற்றைச் சூடாக்குகிறது. வெறுமனே விரிந்து பரவும் வாயு என்றால், தொலைவு இருமடங்காகும்போது அதன் வெப்பநிலை ஐந்தில் இரண்டு பங்காகக் குறைய வேண்டும். 1970களில் சூரியனை நெருங்கி ஆராய்ந்த ஹீலியோஸ் விண்கலங்கள் அளந்தபோது புரோட்டான்கள் அதைவிட மெதுவாகவே குளிர்ந்தன.

இந்தக் காற்றை 1958இல் கணித்துச் சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் யூஜீன் பார்க்கர். மதிப்பீட்டாளர்கள் நிராகரித்த அவரது கட்டுரையை, இதழாசிரியராக இருந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் துணிந்து வெளியிட்டார். அந்தத் துணிவுக்கு இந்தத் துறை என்றும் கடன்பட்டிருக்கிறது.

வெப்பம் பிறக்கும் இடம் சிறிய அளவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு புரோட்டானும் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருளாக ஓடுகிறது. பூமியருகே அந்தச் சுற்றின் ஆரம் சுமார் 100 கிலோமீட்டர். அதைவிடப் பெரிய சுழிகளில் துகள்களும் காந்தப்புலமும் ஒட்டிப் பிறந்தவை போலச் சேர்ந்தே நகரும். சுழி 100 கிலோமீட்டருக்குக் கீழே சுருங்கினால் புரோட்டானுக்கும் காந்தப்புலத்துக்கும் இடையிலான பிடி நழுவுகிறது. அப்போது ஆற்றல் துகள்களுக்குக் கைமாறப் பல வழிகள் உண்டு. அலையின் வேகத்திலேயே ஓடும் துகள், அலையிடமிருந்து ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல, புரோட்டானின் சுற்றோடு தாளம் ஒத்த அலை அதன் வேகத்தைக் கூட்டும். சில இடங்களில் காந்தப்புலம் மெல்லிய தகடுகளாக நெருக்கப்பட்டு, கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது ஆற்றல் வெளிப்படும். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

அளப்பதும் எளிதல்ல. அங்குள்ள காந்தப்புலம் சுமார் 5 நானோடெஸ்லா. நம் காலடியில் உள்ளதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் நுண்ணிய அலைவுகளைப் பிடிக்க வேண்டும். 100 கிலோமீட்டர்ச் சுழி, விண்கலத்தில் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியைக் கால் நொடியில் கடந்துவிடும். எலெக்ட்ரான்களின் சுற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் என்பதால், அந்த அளவிலான சுழி சில மில்லிநொடிகளில் போய்விடும்.

ஒரே கலம் காற்றை ஒரு கோட்டில் மட்டுமே வெட்டிப் பார்க்கும். முப்பரிமாண வடிவத்தை அறியக் குறைந்தது நான்கு வேண்டும். 2015இல் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் கலங்கள் நான்கும் ஏழு கிலோமீட்டர் இடைவெளி வரை நெருங்கிப் பறந்திருக்கின்றன. ஆனால் நான்கு கலங்கள் ஒரு நேரத்தில் ஒரே அளவுச் சுழியைத்தான் பார்க்கும். பெரிய சுழியும் அதிலிருந்து பிறந்த பொடிச் சுழியும் ஒருசேரக் கண்ணில் பட, 2022இல் நாசா தேர்ந்தெடுத்த ஹீலியோஸ்வார்ம் திட்டத்தில் ஒன்பது கலங்கள் வெவ்வேறு இடைவெளிகளில் பறக்கும்.