எந்த பார்ட் என்று சொல்லாதீர்கள், எப்போது என்று சொல்லுங்கள்

போன மாதம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு வாங்கிய செகண்ட் ஹேண்ட் பிக்கப். ஏழு வருஷத்து டீசல் வண்டி, பின்பாடியில் தக்காளி வாடை இன்னும் போகவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஹீட்டர் பிளக் என்று எழுதி, முதல் இரண்டுக்கும் டிக் அடித்திருந்தது.

"இதையும் மாத்திடுங்கண்ணே. அப்புறமும் ஸ்டார்ட் ஆகலைன்னா டீசல் பம்பைக் கழட்டணும்னு சொன்னாங்க."

"அது இருக்கட்டும் தம்பி, எப்போ ஸ்டார்ட் ஆகல?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். காலையில் ஒரே சாவியில் எடுத்துவிடுகிறதாம். மார்க்கெட்டில் லோடு இறக்கி அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப சாவி போட்டால்தான் செல்ஃப் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறதாம்.

ஹீட்டர் பிளக் என்பது குளிர்ந்த இன்ஜினுக்கு உதவுகிற சாமான். சூட்டில் மட்டும் மக்கர் பண்ணும் வண்டிக்கு அதை மாற்றி என்ன பிரயோஜனம்? மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இரண்டைத் தாண்டியது. கீழே படுத்துப் பார்த்தால், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும், பேட்டரிக்குக் கரண்ட் திரும்புகிற எர்த் பட்டை பச்சை பூத்து, பாதிப் பின்னல் அறுந்து, நாலைந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சூடு ஏறினால் அந்த நாலு கம்பியால் செல்ஃப் கேட்கிற கரண்டைத் தாங்க முடியவில்லை. சில நூறு ரூபாய் வேலை. அதற்கு முன்பு அவர் செலவழித்ததைச் சொன்னால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் 20 வருஷத்துக்கு மேல் இதே வேலைதான் எனக்கு. இங்கிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி, கொடைக்கானல் மலையிலிருந்து கேரட்டும் பீன்ஸும் இறக்குகிற வண்டி, செங்கல் வண்டி, வைக்கோல் வண்டி எல்லாம் வரும். பழைய வண்டி வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கொண்டுவரும் புகார்களில் பாதிக்கு மேல், புகார் சொல்கிற இடம் ஒன்றாகவும் கோளாறு இருக்கிற இடம் வேறாகவும்தான் இருக்கிறது. நம்மிடம் வருகிறவர் பார்ட்டின் பெயரைச் சொல்கிறார், நாமும் அதைக் கழட்டுகிறோம். "எப்போ?" என்று கேட்டால் கழட்டாமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் என்ன பார்க்கலாம்? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போடுவதற்கு முன்பு, டீசல் ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் டீசல் லைனில் நிற்கிறது. அப்போது ஹீட்டர் பிளக்கையும் அதன் ரிலேயையும் பார்க்கலாம். பத்துத் தடவை அமுக்கிய பிறகுதான் இறுகுகிறது, இறுகியதும் வண்டி உடனே எடுத்துவிடுகிறது என்றால், எங்கோ ஏர் எடுத்து டீசல் டேங்குக்கே திரும்பிவிட்டது. டீசல் குழாயை மாட்டும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், வெயிலில் காய்ந்து விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், சரியாக உட்காராத ஃபில்டர் வாஷர், இவற்றில்தான் பெரும்பாலும் இருக்கும். தரையில் டீசல் ஒழுகியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உள்ளே காற்றை இழுக்கிற ஓட்டை வெளியே சொட்டாது. இதற்காக பம்ப் கழட்டியவர்களை எனக்குத் தெரியும்.

லோடு ஏற்றினால் மட்டும் புல்லிங் இல்லை, மேட்டில் கறுப்புப் புகை தள்ளுகிறது என்று ஒருவர் வந்தார். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்று ஓர் இடத்தில் எஸ்டிமேட்டே போட்டுக் கொடுத்திருந்தார்கள். நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் வண்டி சுத்தமாகத்தான் ஓடியது. ஆயில் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன்; உள்ளிருந்து லேசாகத்தான் மூச்சு வந்தது, பிஸ்டன் ரிங் தேய்ந்துபோன இன்ஜின் மாதிரி குபுகுபு என்று அடிக்கவில்லை. அப்புறம் இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தேன். கிளாம்புக்குப் பக்கத்தில், சும்மா பார்த்தால் தெரியாத ஒரு கீறல், வளைத்ததும் மீன் வாய் மாதிரி பிளந்தது. ஐடிலில் அதில் அழுத்தம் இல்லை, அதனால் மூடியே இருக்கும். லோடோடு மேடு ஏறும்போது டர்போ காற்றை அமுக்கினால் அந்த வாய் திறந்து காற்று வெளியே போய்விடும். காற்றுக் குறைந்த டீசல் முழுசாக எரியாமல் கறுப்பாக வெளியேறுகிறது. ஹோஸ் மாற்றிய அன்று சாயங்காலமே லோடு ஏற்றிப் போய்விட்டார்.

புகையின் நிறத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வ் சீல், டர்போ சீல் மூன்றில் ஒன்று. வெள்ளை காலையில் கொஞ்ச நேரம் வந்து போனால் பயம் இல்லை. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஹீட் ஆகிறது என்ற புகாரில் ஒரு சூது உண்டு. சூடாகும் வண்டியை விற்பதற்கு முன்பு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிவிடுவார்கள். சூடு காட்டும் முள் ஏறவே ஏறாது, ஓட்டிப் பார்க்கிறவருக்கும் சந்தோஷம். அது இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில், 80 டிகிரியைத் தாண்டித் திறக்க வேண்டிய கதவு. கதவே இல்லாத வீட்டில் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். உள்ளே ரேடியேட்டர் அடைத்திருப்பது மட்டும் அப்படியே மறைந்திருக்கும். அரை மணி நேரம் ஓட்டியும் முள் கீழேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். நம் பக்கம் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்க்குள் உப்பு கட்டிய வண்டிகள்தான் அதிகம். கூலன்ட் ஊற்றுங்கள், அதைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடே ஆகியிருக்காது. அதற்குள் ஹோஸ் விறைத்துக்கொண்டால், சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் தப்புக் கணக்குப் போட்டால் பணத்தோடு போகாது. பெடல் கல்லாக இருக்கிறது என்று வருபவர்கள் லைனிங் மாற்றச் சொல்வார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தடவை பெடலை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், பெடலை லேசாக்க உதவுகிற வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) வரவில்லை. பல டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்ப் இருப்பது, நாம் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டரின் முதுகில். பிரேக் புகார், ரிப்பேர் டைனமோவில்!

இதைவிடச் சுவாரசியமானது பின் சக்கரம். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை, டிரம்மைக் கழட்டினால் லைனிங் முழுக்க கிரவுன் ஆயில், அதாவது பின் ஆக்ஸிலின் கியர் ஆயில். ஆக்ஸில் சீல் மாற்றுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி ஆயில். மூன்றாவது தடவை என்னிடம் வந்தபோது ஆக்ஸில் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதரை, அதாவது காற்று வெளியேறும் துளையைப் பார்த்தேன். சுண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும். வயல்சேறு காய்ந்து சிமென்ட் மாதிரி அடைத்திருந்தது. ஓடி ஓடி உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழி இல்லாமல், சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தி, டீசலில் கழுவி மாட்டினேன். நாலாவது சீல் இன்னும் ஓடுகிறது.

மலை இறங்கும்போது மட்டும் பெடல் திடீரென்று தரைக்குப் போகிறது என்றால், அந்த வண்டியை அன்றே ஓரம் கட்டுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி, ஆவியை அமுக்கினால் அது அமுங்கிக்கொள்ளும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. சமதளத்தில் பத்து தடவை ஓட்டிப் பார்த்தாலும் இது தெரியாது. பழைய வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே பிரேக் ஆயிலை முழுசாக மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கிளம்பும்போது அடியில் 'டக்' என்று சத்தம் வந்தால் பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பாருங்கள். கிராஸ் மாற்றிய பிறகுதான் வண்டி அதிர ஆரம்பித்தது என்றால், ஷாஃப்டில் இருக்கும் அம்புக்குறிகளை நேர் பார்க்காமல் திருப்பி மாட்டியிருக்கலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் நேராக அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம். பட்டை எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா, கூடுதலாக ஒன்று சொருகியிருக்கிறார்களா என்று எண்ணுங்கள். கூடுதல் பட்டை போட்ட வண்டி ஓவர்லோடு ஓடிய வண்டி. ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில் சேஸிஸைத் துடைத்துப் பார்த்தால், விரிசலோ வெல்டிங் தழும்போ அங்கேதான் இருக்கும்.

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி வாங்கியிருந்தால், இன்ஜின் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை வாரம் ஒரு முறை பாருங்கள். ஆயில் குறைகிறதா என்பதற்கு மட்டும் அல்ல, ஏறுகிறதா என்பதற்கும். சைலன்சரில் இருக்கும் டி.பி.எஃப் என்ற கரி வடிகட்டி புகைக்கரியைச் சேர்த்து வைத்து, நீண்ட ஓட்டத்தில் சூடேற்றி எரிக்கும். மார்க்கெட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நிற்கும், அதற்காக அடித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் வண்டி நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. மீட்டரைப் பிரித்தபோது பின்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததை நானே உரித்திருக்கிறேன்.

ஒரு சங்கடம், புதிதாக வாங்கியவருக்கு அந்த "எப்போ" தெரியாது. மூன்று வாரம் ஓட்டியவர் எத்தனை மழையை, எத்தனை மேட்டைப் பார்த்திருப்பார்? அதனால் முடிந்தால் பழைய டிரைவரின் நம்பரை வாங்கிவிடுவேன். முதலாளியிடமோ புரோக்கரிடமோ கேட்டுப் பயனில்லை. டிரைவருக்கு வண்டி விற்றதில் லாபமும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை.

இப்படித்தான் ஒரு பிக்கப், பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது மட்டும் சூடானது. தெர்மோஸ்டாட் இருந்தது, ஃபேன் சுற்றியது, மூடியும் சரி, ஹெட் கேஸ்கட்டும் சரி. ரேடியேட்டரை முன்னால் நின்று பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் சுத்தம். பழைய டிரைவருக்குப் போன் போட்டேன்.

"மலை ஏறும்போது மட்டும்தானேண்ணே?" என்றார் நான் முடிப்பதற்குள். "இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பாருங்க. ஒரு வருஷம் வைக்கோல் லோடுதான் அடிச்சோம். நான் ரெண்டு தடவை சொன்னேன், கழட்டிப் பாக்க விடல."

இன்டர்கூலரைக் கழட்டினோம். வைக்கோல் தூசும் பூச்சி இறகும் ஆயில் பிசுக்கில் ஊறி, இரண்டுக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஒரு நுனியைப் பிடித்து உரித்தபோது ஒரே துண்டாக வந்தது.