முதியவரின் நினைவும் நாம் கேட்கும் கேள்வியும்

பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் முதியவரை விசாரிக்கும்போது, "வயது போனவர், சொல்வதை எப்படி நம்புவது?" என்ற எண்ணம் முதற் கேள்விக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இது நியாயமுமல்ல, அறிவியலுமல்ல.

முதுமையில் நினைவின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஒரு செய்தி தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று பிரித்தறியும் ஆற்றல் கூடுதலாகத் தளர்கிறது. ஆகவே, "அந்தப் பராமரிப்பாளர்தானே தொட்டார்?" என்று கேட்டால், கேட்டவரின் ஊகமே பின்னர் முதியவரின் நினைவாகக் கலந்துவிடக்கூடும். "அம்மா, நடந்ததை உங்களுக்கு ஏலுமானபடி சொல்லுங்கோ" என்று தொடங்கி, இடைமறிக்காமல் காத்திருந்தால், கிடைப்பது கொஞ்சமேயானாலும் அவருடையதாக இருக்கும். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் தவறு. முதலில் சொன்னது பிழையோ என்றெண்ணி அவர் விடையை மாற்றிவிடக்கூடும்.

மறதி நோயில் நிலைமை இன்னும் நுட்பமானது. மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி சிதைந்தவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டிய, 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பார்த்தது மறந்த பின்னரும் அவர்களிடம் துயரம் நீடித்தது. நேற்று நடந்ததைச் சொல்ல முடியாத மூதாட்டி, குளிப்பாட்ட ஒருவர் வரும்போது மட்டும் சேலையை இறுகப் பற்றிக்கொள்வாரானால், அது குற்றத்துக்குச் சான்றாகிவிடாது. ஆயினும் நேரத்தோடும் ஆளோடும் கண்டபடியே எழுதிவைக்கப்பட வேண்டும்.

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தாயை வைத்தியசாலைக்கு அழைத்து வருபவர் பெரும்பாலும் மகனோ மருமகளோதான். வைத்தியரோ பொலிஸாரோ சிங்களத்தில் கேட்க, அவர்களே மொழிபெயர்க்கவும் நேர்கிறது. மகன் முன்னால் எந்தத் தாய் இதைச் சொல்வார்? சந்தேகத்துக்குரியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கவும் கூடும். எனவே தனி அறையும், குடும்பத்துக்கு வெளியே உள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இன்றியமையாதவை. முதுமையில் முதலில் குறைவது உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதால், கத்தாமல் தாழ்ந்த குரலில், முகம் பார்த்துப் பேச வேண்டும். மாலையில் குழப்பம் கூடுபவர்களைக் காலையில் சந்திப்பது நல்லது.

காயம் இல்லை என்பதற்காக எதுவும் நடக்கவில்லை என்றாகாது. கன்றிய காயத்தின் நிறத்தைக் கொண்டு அதன் நாளைக் கணிப்பதும் நம்பத்தக்கதன்று. உடற்பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரிக்குரியது. வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவ அரச வைத்தியசாலைகளில் இயங்கும் மிதுரு பியச நிலையங்களை நாடலாம். பெண்களுக்கான 1938 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். வாக்குமூலத்தில் விடையோடு, கேட்கப்பட்ட கேள்வியும் சொல்லுக்குச் சொல் பதியப்பட்டால்தான், அவ்விடை எவ்வாறு பிறந்தது என்பதை நீதிமன்றம் பின்னர் எடைபோட முடியும்.