தைக்குள்ள கலர் வரோணுமுங்க

"தையில கல்யாணம் வெச்சிருக்கோமுங்க டாக்டரம்மா, அதுக்குள்ள புள்ளைக்குக் கொஞ்சம் கலர் வர்ற மாதிரி மூலிகை ஏதாச்சும் குடுங்க." ஈரோட்டுப் பக்கம் சித்த மருத்துவம் பார்க்கிற யாரும் இதைக் கேட்காமல் ஒரு முகூர்த்த சீசனைத் தாண்ட முடியாது. மருந்து எழுதுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: இப்போது முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்? பதில் உடனே வராது. கொஞ்சம் தயங்கி, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுப்பார்கள். மேலே பச்சை இலைப் படம், 'நூறு சதவீதம் மூலிகை' என்ற வாசகம். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல், உரிம எண், தயாரித்தவர் முகவரி எதுவும் இருக்காது.

பத்து நாளில் வெளுத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்குச் சந்தேகமே அந்த வேகத்தில்தான். நலங்கு மாவு பூசி யாரும் பத்து நாளில் வெளுத்ததில்லை. இப்படி வெளுக்க வைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, இல்லையென்றால் பாதரசம். ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து முகத்தில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், பரு வரும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினாலோ முகம் சிவந்து இன்னும் மோசமாகும். அதனால் பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவார்கள். மாதக்கணக்கில் போட்டவர்கள் தாங்களாக விடாமல் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு விடுவது நல்லது.

பாதரசம் இன்னும் மோசம். அது தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கிறது, அதனால்தான் வெளுப்பு. ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது. கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2021 முதல் 2023 வரை ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை விசாரித்ததில், 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். பாலக்காட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர். க்ரீம் வருவதற்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை. இப்படி ஒரு க்ரீமைப் போட்டுக்கொண்டு, கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் உடனே யூரின் டெஸ்ட் எடுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

சரி, நம்ம பழைய முறையில் என்னதான் இருக்கிறது? நிறத்தை மாற்றும் வித்தை அதில் இல்லை. அழுக்கை எடுப்பது, வறட்சியைப் போக்குவது, அவ்வளவுதான். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் அரைத்த நலங்கு மாவு சோப்பைப் போலத் தோலை வறட்டாது. இதில் நம்ம ஊர்க்காரர்களே ஏமாறுகிற இடம் மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் சமையலுக்கானது, முகத்தில் பூசினால் மஞ்சள் கறை நிற்கும். கஸ்தூரி மஞ்சள் வேறு செடி; வெளிறிய நிறம், கற்பூரம் மாதிரி வாசம். பொடி பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள், கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள், மூலிகைக்கும் அலர்ஜி வரும்.

தலைக்கு, சீயக்காயை விட எனக்குப் பிடித்தது நம்ம அரப்புதான். உசிலை இலைப்பொடி, வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், கண்ணில் பட்டால் மட்டும் உயிர் போகும். செக்கு நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்து அரை மணி நேரம் ஊறினால் போதும். காய்ச்சல், சளி இருக்கும்போது வேண்டாம்.

அப்புறம் கழுத்துக் கருப்பு. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். எலுமிச்சைத் தோலைப் போட்டு ரத்தம் வருமளவுக்குத் தேய்த்துவிட்டு வருகிற பெண்கள் உண்டு. அவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது சர்க்கரை டெஸ்ட். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்றும் கேட்பேன். பொடி கேட்டு வந்த இடத்தில் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்களே என்று அம்மாக்களுக்குக் கோபம்தான். டெஸ்ட் எடுக்கட்டும், எடை குறையட்டும், மாவைப் பிறகு அரைத்துக்கொள்ளலாம்.