எரிசக்தியைக் குறைவாகச் செலவழியுங்கள் என்று அரசு சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது?

2022 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு விவாதம் எழுந்தது. உக்ரைன் போரால் எரிவாயு விலை தாறுமாறாக ஏறி, குளிர்காலத்தில் மின்சாரத்துக்கே தட்டுப்பாடு வருமோ என்று எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். வீடுகளில் எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லிப் பிரசாரம் செய்ய ஒரு திட்டம் தயாராக இருந்தது. மக்கள் எப்படி வாழ வேண்டும் என்று சொல்வது அரசின் வேலை இல்லை என்ற எண்ணத்தில் அப்போதைய பிரதமர் லிஸ் ட்ரஸின் அரசு அதைக் கைவிட்டது. ரிஷி சுனக் பிரதமரான பிறகு, டிசம்பரில், அதேபோன்ற பிரசாரம் தொடங்கப்பட்டது.

சிக்கனமாக இருங்கள் என்று அரசு மக்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் எதைக் கேட்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த டிசம்பர் பிரசாரத்தில் இருந்த ஒரு சிறிய அறிவுரையையே பார்ப்போம்: வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலையை 60 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். பல வீடுகளில் அது 75 டிகிரிக்கு மேல் வைக்கப்பட்டிருந்தது.

இதில் இருக்கும் இயற்பியல் அழகானது. எரிவாயு எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. அந்த நீராவி அப்படியே புகைபோக்கி வழியாகப் போனால், எரிவாயு தந்த வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதிய பாய்லர்கள் அந்த நீராவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்கி, அதன் உள்ளுறை வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அறைகளைச் சூடாக்கும் குழாய்களில் வீட்டைச் சுற்றிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவி நீராக மாறும். 75 டிகிரியில் அனுப்பினால் திரும்பும் நீரும் அந்த எல்லையை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். பாய்லரின் முக்கியமான திறனே பயன்படாமல் போகும். 60 டிகிரியில் அனுப்பினால் வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். யாரும் குளிரில் நடுங்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் ஒருவர் இதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எரிவாயு விற்கும் நிறுவனத்துக்கு இதைச் சொல்வதில் லாபமும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பது அரசுதான்.

எரிசக்தி விஷயத்தில் நம் உள்ளுணர்வு மோசமாக வழிகாட்டுகிறது. 2010-இல் ஆய்வாளர் ஷாசீன் அத்தாரியும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் சுமார் 500 பேரிடம், எரிசக்தியை மிச்சப்படுத்த எது சிறந்த வழி என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பதில், விளக்கை அணைப்பது. வீட்டுச் சாதனங்கள் எவ்வளவு இழுக்கின்றன என்று கணிக்கச் சொன்னபோது, சராசரியாக உண்மை அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் சொன்னார்கள். சிறிய சாதனங்களைக் கொஞ்சம் பெரிதாகவும், பெரிய சாதனங்களை மிகச் சிறிதாகவும் நினைத்திருந்தார்கள்.

ஏன் இப்படி? வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, வெப்பம் தெரிவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,190 ஜூல் வேண்டும். 15 லிட்டர் குளியல் நீரை 20 டிகிரி சூடாக்கினால் சுமார் 12.6 லட்சம் ஜூல், அதாவது 0.35 யூனிட். 9 வாட் எல்இடி விளக்கு அதே 0.35 யூனிட்டைச் செலவழிக்க 39 மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும். ஒருநாள் குளியலில் ஐந்து லிட்டர் வெந்நீரைக் குறைத்தால், ஒரு விளக்கைப் பதின்மூன்று மணி நேரம் அணைத்துவைத்ததற்குச் சமம். மின்னூட்டி, விளக்கு, தொலைக்காட்சி என்று கண்ணில் படுவதையெல்லாம் பட்டியலிடும் அரசு விளம்பரங்கள் மக்களின் நல்லெண்ணத்தைத் தவறான இடத்தில் செலவழிக்க வைக்கின்றன என்று இதனால்தான் சொல்கிறேன். நீரையும் அறையையும் சூடாக்குவது, குளிர்விப்பது: பெரும்பாலான வீடுகளில் பெரும்பகுதி எரிசக்தி இங்கேதான் போகிறது.

குளிர்விப்பதிலும் கணக்கு இதே போலத்தான். வெளியே 35 டிகிரி, உள்ளே 24 டிகிரி என்றால் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் அந்த 11 டிகிரி வித்தியாசத்துக்கு ஏற்ப இருக்கும். ஏசியை 25-இல் வைத்தால் வித்தியாசம் 10. சுவர் வழி வரும் வெப்பம் சுமார் 9 விழுக்காடு குறைந்துவிடும். ஈரப்பதத்தை நீக்கவும் உள்ளே இருக்கும் மனிதர்களும் சாதனங்களும் வெளியிடும் வெப்பத்தை வெளியேற்றவும் ஆகும் செலவு அப்படியே இருப்பதால் மொத்த மிச்சம் அந்த அளவுக்கு வராது. ஆனாலும் ஒரே ஒரு டிகிரிக்கு அது பெரிய லாபம்.

சரி, மின்கட்டணம் கட்டுபவர் வீட்டுக்காரர்; எவ்வளவு வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும், அரசு எதற்கு நடுவில் வரவேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் வீட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட்டின் முழு மதிப்பும் அந்த வீட்டுக்குத் தெரிவதில்லை. பழைய அனல் மின்நிலையம் ஒன்றில் மூன்று பங்கு வெப்பத்தை எரித்தால் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கிடைக்கும். அது கம்பிகளில் வரும்போதும் இழப்பு உண்டு. அந்த இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்: மின்னோட்டம் இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்கு. ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் ஏசியைப் போடும் உச்சநேரத்தில் கம்பிகள் வீணாக்கும் மின்சாரம் மிக அதிகம். அந்த நேரத்தில் மின்னோட்டம் 10 விழுக்காடு குறைந்தால் கம்பி இழப்பு 19 விழுக்காடு குறையும். அப்புறம், ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டுமே ஓடும் மின்நிலையங்களைக் கட்டிவைக்கும் செலவு எல்லாருடைய கட்டணத்திலும் சேர்கிறது. நாளெல்லாம் ஒரே விலை கொடுக்கும் வீட்டுக்கு, மாலை ஏழு மணி யூனிட்டும் அதிகாலை மூன்று மணி யூனிட்டும் ஒன்றாகவே தோன்றும். மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்புக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு பொது அமைப்பு வேண்டியிருக்கிறது.

வெறுமனே கேட்டால் மக்கள் கேட்பார்களா? இதற்கு நம்மிடம் நல்ல சோதனைகள் இருக்கின்றன. ஃபுகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பிறகு ஜப்பானில் மின்பற்றாக்குறை வந்தது. 2011 கோடையில் டோக்கியோ பகுதியின் உச்ச மின்தேவை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 18 விழுக்காடு குறைந்தது. தொழிற்சாலைகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் சட்டக் கட்டுப்பாடு. வீடுகளுக்கு வேண்டுகோள் மட்டும். நெருக்கடி உண்மையானது என்று மக்கள் நம்பும்போது இவ்வளவு நடக்கும்.

ஆனால் அந்த உணர்வு எத்தனை நாள் நிற்கும்? கொய்ச்சிரோ இத்தோ, தகனோரி இதா, மக்கோத்தோ தனாக்கா என்ற பொருளியலாளர்கள் மூவரும் கியோட்டோ பகுதியில் 2012 கோடையிலும் அடுத்து வந்த குளிர்காலத்திலும் இதைச் சோதித்தார்கள். வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவிடம் உச்சநேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகோள் மட்டும் வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அந்த நேரத்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். வேண்டுகோள் முதலில் 8 விழுக்காடு பலன் தந்தது. திரும்பத் திரும்பக் கேட்டபோது விரைவில் கரைந்துபோனது. விலை ஏற்றிய குழுவில் பயன்பாடு 14 முதல் 17 விழுக்காடு குறைந்தது, அந்தக் குறைவு தொடர்ந்தும் நீடித்தது; சோதனை முடிந்த பிறகும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது. அறிவுரை ஓர் அவசரகால மருந்து. தினமும் கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும்.

மெதுவாக ஆனால் நீண்ட நாள் வேலை செய்யும் இன்னொரு வழியும் உண்டு: ஒப்பீடு. கலிஃபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் சுமார் 290 வீடுகளில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. அக்கம்பக்கத்துச் சராசரி எவ்வளவு, நீங்கள் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவில் மாட்டினார்கள். சராசரியைவிட அதிகம் பயன்படுத்தியவர்கள் குறைத்தார்கள். குறைவாகப் பயன்படுத்தியவர்களோ கூட்டிவிட்டார்கள்! சிக்கனமானவர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்தபோது அந்தத் தலைகீழ் விளைவு மறைந்தது. பிறகு இதே யோசனையை மின்கட்டண அறிக்கைகளில் சேர்த்து, அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் வீடுகளில் பார்த்தார்கள். சராசரிக் குறைவு 2 விழுக்காடு. பார்க்கச் சிறியதுதான். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாமல், ஒரு காகிதத்தின் செலவில் கிடைத்தது.

நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு பிரேசில். 2001-இல் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இருட்டில் மூழ்கும் நிலைக்கு வந்தது. பகுதி பகுதியாக மின்வெட்டு போடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் முந்தைய பயன்பாட்டில் 20 விழுக்காட்டைக் குறைக்கும் இலக்கு கொடுத்தார்கள். தாண்டினால் கூடுதல் கட்டணம், கீழே நின்றால் ஊக்கத்தொகை. மாதம் 100 யூனிட்டுக்குள் பயன்படுத்திய வீடுகளுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் அவர்களும் மிச்சப்படுத்தினால் ஊக்கத்தொகை உண்டு. சுமார் ஒன்பது மாதம் நடந்தது. பெரிய மின்வெட்டு இல்லாமல் நாடு தப்பியது. கட்டுப்பாடு நீங்கிய பிறகும் வீடுகளின் பயன்பாடு பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. விளக்கும் சாதனமும் மாறியிருந்தன, பழக்கமும் மாறியிருந்தது.

அந்த 100 யூனிட் எல்லையை எந்த அரசும் மறக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு விளக்கும் ஒரு விசிறியுமாக வாழும் குடும்பத்திடம் இன்னும் குறையுங்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு இன்னும் கூடுதல் மின்சாரம் தேவைப்படலாம். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் சாதனத்தை அணைத்துவைக்கும் முதியவர்களுக்கு உயிராபத்தே உண்டு.

மனத்தை மாற்றுவதைவிடச் சாதனத்தை மாற்றுவது உறுதியான வழி. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற புதிய குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 யூனிட் இழுத்தது. கலிஃபோர்னியா திறன் விதிகளைக் கொண்டுவந்தது. பின்னர் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. இன்று அதைவிடப் பெரிய பெட்டி 500 யூனிட் அளவில் ஓடுகிறது. நல்ல காப்புப் பொருள், நல்ல கம்ப்ரசர், அவ்வளவுதான். யாருடைய பழக்கமும் மாறவில்லை.

திறன் கூடினால் மக்கள் அதிகமாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று ஒரு பழைய ஆட்சேபம் உண்டு. நிலக்கரியைப் பற்றி 1865-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவான்ஸ் எழுப்பியது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வீடுகளைச் சூடாக்குவதிலும் குளிர்விப்பதிலும் இப்படிக் கூடுதல் பயன்பாட்டில் கரைந்துபோவது பெரும்பாலும் மிச்சத்தில் 10 முதல் 30 விழுக்காடுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவும் முன்பு குளிரில் இருந்தவர் இப்போது கொஞ்சம் சூடாக இருக்கிறார் என்பதாக இருந்தால், அதை இழப்பு என்று நான் எழுத மாட்டேன். இதைவிடக் கவலைக்குரியது தவறான கணிப்பு. அமெரிக்காவின் மிச்சிகனில் ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு வெப்பக் காப்பு போட்டுக் கொடுத்த அரசுத் திட்டத்தைப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். கணினி மாதிரிகள் சொன்ன மிச்சத்தில் 40 விழுக்காடு அளவுதான் உண்மையில் கிடைத்திருந்தது. திட்டம் போடும் அரசு, முடிவை அளக்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.

இனி கேள்வியே மாறப்போகிறது. எரிவாயுவை விட்டு ஹீட் பம்ப்புக்கு மாறும் வீட்டில் மின்சாரச் செலவு கூடும். மொத்த எரிசக்தி குறையும், ஏனென்றால் அந்தக் கருவி ஒரு யூனிட் மின்சாரத்தைக்கொண்டு, வெளிக்காற்றிலிருந்து எடுக்கும் வெப்பத்தையும் சேர்த்து, சுமார் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தை வீட்டுக்குள் தருகிறது. சூரிய மின்சாரம் நிறைந்திருக்கும் நண்பகலில் துணி துவைப்பதும் நீர் சூடாக்குவதும் மின்தொகுப்புக்கு உதவியாகவே இருக்கும். பிரிட்டனில் 2022-23 குளிர்காலத்தில், உச்சநேரத்தில் பயன்பாட்டைத் தள்ளிப்போட்டால் பணம் தரும் திட்டம் ஒன்று நடந்தது. 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதோடு எப்போது பயன்படுத்துகிறீர்கள் என்றும் அரசுகள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. அதற்கு நேரவாரியாக அளக்கும் மீட்டர் வேண்டும், நேரத்துக்கேற்ற கட்டணம் வேண்டும், மலிவான மணி நேரம் வந்ததும் தானாக இயங்கும் நீர்சூடேற்றி வேண்டும். இந்த மூன்றும் வீட்டுக்குள் வருமா என்பது விதிகளை எழுதும் அரசின் கையில் இருக்கிறது.